எழுத்தில்லாத ஆள்

கோட்டைக்குள் கச்சேரி,
கச்சேரிக்குள் காணிப்பிரிவு,
அலுமாரிக்கு மேலே கொஞ்சம் சரிந்து
ஒல்லாந்தன் ஒருவன் கீறிய படத்தின் நகல்.

செப்புத்தகட்டில் ஊசியால் கீறி
அமிலத்தில் ஊறவைத்தவன்
இந்தக் கரையை மிதித்ததேயில்லை.
தென்னைகள் கோவா போல விரிகின்றன.
யானைக்கு நாய்க்காது.
மட்டக்களப்பு வாவியில் கப்பலைக் கவிழ்க்கும் அலை.
வானம் மட்டும் வெறுங்காகிதம்;
மார்கழி வெள்ளத்தை அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

கீழே சின்ன எழுத்தில் விளக்கம்:
ஏ அரசன். பீ தூதன்.
சீ குடைகாரர், டீ பரிசுப் பெட்டிகள்.
யானைக்கும் ஓர் எழுத்து உண்டு.

கிரீடத்துக்கும் இறகுத்தொப்பிக்கும் நடுவே
முதுகு வளைந்து, வாய் திறந்து
நிற்கிறானே ஒருவன்,
அவனுக்கு இல்லை.

இன்று காலை கதிரவெளி நேசமலர்
மேசைக்கு இந்தப்பக்கம் நின்று சொன்னாள்:
"என்ர வளவுக்குள்ள உங்கட கம்பிவேலி.
வெட்கமில்லையா உங்களுக்கு?"
அதிகாரிக்கு நான் சிங்களத்தில் சொன்னது:
எல்லை பற்றி அவருக்கு ஒரு சந்தேகம், சேர்.
அவர் சிரித்தார். தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார்.
நேசமலருக்குச் சிங்களம் விளங்கும் என்பது
கிளாசைத் தொடாமல் அவள் எழும்பி
அவரை விட்டு
என்னைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

நாலரைக்கு எல்லோரும் போனபின்
கதிரையில் ஏறினேன், படத்தை நேராக்க.
கிட்டத்தில் அவனுக்கு முகமே இல்லை.
குறுக்கும் நெடுக்குமாய்க் கோடுகள்,
அரசன் பக்கம் நாலு,
தூதன் பக்கம் நாலு.
வாய் என்று நான் நினைத்தது
அமிலம் கொஞ்சம் அதிகமாய்த் தின்ற இடம்.

சரிந்தபடியே விட்டு இறங்கி
மின்விசிறியை நிறுத்தினேன்.