மூச்சைப் பிடிச்சிருங்கோ

இரவு இரண்டு நாற்பது.
ஸ்கேன் அறையில் பதினெட்டுப் பாகை.
இயந்திரத்துக்காகத்தான் அந்தக் குளிர், எங்களுக்காக அல்ல.
ஐந்தாம் நாள் காய்ச்சலோடு
நியாஸ்தீனைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள்,
முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்.

எனக்கு இந்தக் கண்களைத் தெரியும்.
நூற்று முப்பத்தெட்டாம் இலக்க பஸ்,
மிதிபலகையில் ஒரு கால், காற்றில் ஒரு கால்,
கொட்டுவ நுகேகொட மஹரகம என்று
ஊர்களை ஒரே மூச்சில் கோத்து எறிந்த மனிதர்.
கிருலப்பனையில் நான் ஏறுவேன்.
மிச்சம் ஐந்து ரூபாய் எப்போதும் 'பிறகு'.
இஸ்பிரித்தால, இஸ்பிரித்தால என்று கூவி
எத்தனை பேரை இந்த வாசலில் இறக்கியிருப்பார்.
இப்போது தானே இறங்கியிருக்கிறார்.
என்னை அவருக்கு நினைவில்லை.
கொண்டக்டருக்கு ஒரு நாளில் எத்தனை முகம்.

கோப்பு சொல்கிறது:
இரத்தப் புற்று. மருந்தேற்றிப் பன்னிரண்டு நாள்.
வெள்ளணு நூறுக்கும் கீழே.
காவலுக்கு ஆளில்லாத உடம்பு.
இரத்தத்தை வளர்த்துப் பார்த்தார்கள், ஒன்றும் முளைக்கவில்லை.
எக்ஸ்ரேயும் கைவிரித்துவிட்டது.
காய்ச்சல் மட்டும் நூற்றுமூன்றில் நிற்கிறது,
இறங்க மறுக்கும் பயணியைப் போல.

கைகளைத் தலைக்கு மேல் வைக்கச் சொல்கிறேன்.
பஸ் கம்பியைப் பிடிப்பது போலவே வைக்கிறார்.
இயந்திரத்தின் பதிவுக்குரலுக்கு ஆங்கிலம் மட்டுமே வரும்.
அதை நிறுத்திவிட்டு நானே சொல்கிறேன்:
மூச்சை இழுங்கோ.
பிடிச்சிருங்கோ.
பிடிச்சிருங்கோ.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் பிடித்திருக்கிறேன்.
ஏழு விநாடி.

பாணைச் சீவுவதுபோல் துண்டு துண்டாய்
நெஞ்சு திரையில் விழுகிறது.
கறுப்பு. கறுப்பு. காற்று நிறைந்த நல்ல கறுப்பு.
பிறகு, வலது மேற்பக்கம், ஒரு வெள்ளைப் பொட்டு.
அதைச் சுற்றி மங்கலாய் ஒரு வளையம்,
மழைக்கு முந்திய இரவில் நிலா கட்டும் கோட்டை.
அகல் வட்டம் பகல் மழை.
இங்கே மழையல்ல, இரத்தக் கசிவு.
நாளத்தைத் துளைத்துக்கொண்டு பூஞ்சணம் போன வழி.

எங்கும் இருப்பதுதான் அது.
பக்கத்துக் காணியில் எழும்பும் இருபது மாடி,
இடித்த பழஞ்சுவர், ஈரத்தில் ஊறும் சிமெந்துப் பை,
நாளெல்லாம் நாம் விழுங்கித் துப்பும் கொழும்புத் தூசி.
அவருக்குள் மட்டும் துப்புவதற்கு ஆளில்லை.

கதவடியில் ஃபரீனா, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி.
'மிஸ், நெஞ்சுக்கும் பரவீட்டா?'
நான் படம் எடுப்பவள், வாசிப்பவள் அல்ல.
'டொக்டர் பார்த்துச் சொல்வா.'
பன்னிரண்டு வருடமாய்ச் சொல்லித் தேய்ந்த வாக்கியம்,
இன்று தொண்டையில் மீன்முள்ளாய் நிற்கிறது.
புற்றல்ல, பூஞ்சணமாக இருக்கும் என்று சொல்லலாம்.
சொன்னால் பூஞ்சணமும் கொல்லும் என்று சொல்லவேண்டும்.
அதற்கு மருந்து உண்டு என்றும்.
மருந்தின் விலையை யார் சொல்வது?

டொக்டர் இந்துனி வீட்டிலிருந்தே படத்தைத் திறக்கிறார்.
தொலைபேசியில் அவர் குழந்தை அழுகிறது.
'ஹேலோ' என்கிறார்.
என்னைத்தான் அழைக்கிறார் என்று நினைத்து
'ஓம், சொல்லுங்கோ டொக்டர்' என்றேன்.
அவர் சொன்னது அந்த வளையத்தின் பெயர்.
விடியுமுன் முதல் குப்பி ஏறிவிட்டது.

பதினேழாம் நாள் மறுபடி வந்தார்.
பாதி ஆளாய், ஆனாலும் நடந்து.
ஃபரீனா இம்முறை எதையும் கேட்கவில்லை.
மூச்சை இழுங்கோ. பிடிச்சிருங்கோ.
பொட்டு முன்னைவிடப் பெரிது. என் வயிறு கலங்கிற்று.
பிறகுதான் கண்டேன், அதன் மேல்விளிம்பில்
நகத்தை வெட்டிப் போட்டதுபோல் ஒரு கறுப்புக் கீற்று.
வெள்ளணுக்கள் திரும்பி வந்து
செத்துப்போனதைப் பிரித்தெடுக்கையில் விழும் இடைவெளி.
இந்த நாட்களில்தான் இருமலோடு இரத்தம் வரும், கவனம்
என்றும் எழுதியிருக்கிறது, அதே புத்தகத்தில்.
அதற்கு அங்கே பெயர் பிறை.
ஃபரீனாவுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையிருக்காது.

உள்ளேயிருந்து இரண்டு தட்டு.
பஸ்ஸின் தகரத்தில் அடித்து
போகலாம் என்று சாரதிக்குச் சொல்லும் அதே தட்டு.

மூச்சை விடச் சொல்ல மறந்துபோயிருந்தேன்.