மொய்

கல்யாணக் கேமராதான் இது.
மாலை மாற்றும்போது 'கொஞ்சம் சிரிங்க' என்று
கேட்டே பழகிய வாய்க்கு
தாலுகா ஆபீசில் ஒரு தாள் கொடுத்தார்கள்:
படம் எடுப்பவர் யாரிடமும் பேசக் கூடாது.
தினக்கூலி. தேர்தல் முடிந்துதான் பட்டுவாடா.
அந்த வார்த்தையைத்தான் சொன்னார் கிளார்க்,
சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பறக்கும் படை என்று பெயர்.
பறக்கவில்லை. கப்பலூர் தாண்டி
நாலுவழிச் சாலை ஓரத்தில்
ஒரு பொலிரோ, இரண்டு இரும்புத் தடுப்பு,
கொசுவத்திச் சுருளைக் காலடியில் வைத்துக்கொண்டு
பிளாஸ்டிக் நாற்காலியில் துணைத் தாசில்தார் மங்கையர்க்கரசி.
மாவட்டம் மதுரை, தொகுதி விருதுநகர்.
"நம்ம எந்த ஊரு எம்.பி.க்கு முழிச்சிருக்கோம்?"
டிரைவர் தினம் ஒருமுறை கேட்பான்.
லாரிகள் வெளிச்சத்தை எங்கள் மேல் வீசிவிட்டுப் போகும்.

வியாழன் இரவு, இரண்டு மணிக்கு மேல்
ஒரு குட்டியானை வண்டி.
பின்னால் வெறும் கயிறும் கொஞ்சம் வைக்கோலும்.
இடுப்புத் துண்டை அவிழ்த்தார் ஆட்டு வியாபாரி.
விடிந்தால் திருமங்கலம் சந்தை.
"ஆதாரம் இருக்கா?"
"ஆடு இருக்கும்மா, விடியட்டும்."
"பில்லு?"
"ஆட்டுக்கு ஏது பில்லு? அது கத்துறதுதான் பில்லு."
ஏட்டு சிரித்தார், கேமராவைப் பார்த்து
வாயை மூடிக்கொண்டார்.

பானெட்டின் மேல் துண்டை விரித்து எண்ணினார்கள்.
காற்றுக்குப் பறக்காமல் இருக்க
நோட்டுக்கட்டின் மேல் வாக்கிடாக்கி.
ஆட்டுவாடை அடிக்கும் ஐநூறுகள்.
பழக்கதோஷம், என் கை முகத்துக்கு ஜூம் போனது.
"பேரு, ஊரு, தொகை. சத்தமாச் சொல்லுங்க, பதிவாகணும்."
அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்:
"பேரையூர் மொக்கச்சாமி,
எண்பத்து மூவாயிரத்து ஐநூறு."

மைக் இல்லை, வாசலில் வாழைமரம் இல்லை,
ஆனாலும் எனக்குக் கேட்டது மொய் வாசிப்பு.
எத்தனை மண்டபத்தில் எடுத்திருப்பேன் அந்த மேசையை!
அங்கே ஐம்பதாயிரம் செய்தவருக்குச் சால்வை.
இங்கே ஐம்பதாயிரம் தாண்டினால்
கார்பன் தாள் வைத்து எழுதிய ரசீது.

"சந்தை ஒம்பது மணிக்குக் கலைஞ்சிரும்மா."
"கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுங்க."
குட்டியானை வந்த வழியே திரும்பியது, கயிறோடு.
அதற்குப் பின்னால் வந்த பெரிய கார்கள்
கேட்பதற்கு முன்பே டிக்கியைத் திறந்து காட்டின:
தண்ணீர் பாட்டில், மடித்த வேட்டி,
திருச்செந்தூர் விபூதி.
எல்லாவற்றையும் எடுத்தேன்.

ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு வீடு.
டிவி மேல் ஒரு வெள்ளைக் கவர்.
"யாரு வந்தது?"
"தெரிஞ்ச பையந்தான். லிஸ்ட்ல நம்ம ரெண்டு பேரையும்
டிக் அடிச்சிட்டுப் போனான்" என்றாள் செல்வராணி.
தலைக்கு ஐநூறு.

மொய்க் கவரில் பெயர் இருக்கும், ஊர் இருக்கும்.
நோட்டில் ஏறும். ஒருநாள் அவர்கள் வாசலில்
கூடவோ குறையவோ திருப்பிச் செய்தே ஆகணும்.
இதில் எதுவும் எழுதவில்லை.
ஆனால் யாருடைய விசேஷம், எந்தத் தேதி,
காலை எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று
எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாமல் இல்லை.
கேமரா என் தோளில்தான் தொங்கியது.
பேட்டரி பாதிக்கு மேல் இருந்தது.

வாக்குப்பதிவு அன்று, பதற்றமான சாவடி என்று
கள்ளிக்குடிப் பக்கம் அனுப்பினார்கள்.
பதற்றம் ஒன்றுமில்லை.
மத்தியானம் ஒரு நாய் வரிசையில் வந்து
நிழலாய்ப் பார்த்துப் படுத்தது.
என் ஓட்டு என் ஊரில் கிடந்தது, போடாமல்.
ராத்திரி வெங்காயம் உரித்தவளின் விரலில் மை.
யாருக்கு என்று நானும் கேட்கவில்லை.
கவரை மளிகைக் கடைப் பாக்கிக்குக் கொடுத்திருந்தாள்,
செய்யாத என் மொய்யும் சேர்த்து.

பதினோரு நாள் கழித்து ஸ்டூடியோ வாசலில் மொக்கச்சாமி.
"பணம் வந்திருச்சு தம்பி. ஆனா ஒரு ஐநூறு குறையுது.
அன்னிக்கு எண்ணுன வீடியோ ஒரு காப்பி வேணும்."
கார்டை அப்போதே ஒப்படைத்தாச்சு என்றேன்.
சட்டைப்பையைத் தடவினேன், இருந்தது ஒரு இருநூறு.
அவர் என்னைப் பார்க்கவில்லை.
மேசை மேல் இருந்த கேமராவையே
பார்த்துக்கொண்டு நின்றார்.