ஒரு புள்ளி குறைந்த பக்கம்

ரெஜைனாவில் சனவரி. கழித்தல் முப்பத்தொன்று.
தரிப்பிடத்தில் ஒவ்வொரு காரும்
கம்பி வழியே மின்சாரம் குடித்துக்கொண்டு நிற்கிறது.
உள்ளே பதினொரு பேர்,
அடுத்த கிழமையிலிருந்து
வளர்ந்தவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தரப் போகிறவர்கள்.
சட்டையில் ஒட்டிய சீட்டில் என் பெயருக்கு இடம் போதவில்லை.
"தவமல" என்று நின்றுவிட்டது.

பயிற்றுநர் டார்லீன் கொவால்சுக்,
கையில் ஆறிப்போன காப்பி.
பலகையில் அவர் முதலில் எழுதியது பாடத்திட்டம் இல்லை:
"கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன்."
இதைத்தான் அதிகம் கேட்பீர்கள், என்றார்.
நம்பாதீர்கள்.
ஆனால் நம்பியதுபோல் இருங்கள்.

பதினான்கு வருடம் இரசாயனம் படிப்பித்தவள் நான்.
நாற்பது பிள்ளைகளின் இரைச்சலை
ஒரு வெண்கட்டி நுனியால் நிறுத்தியவள்.
எனக்கெதற்கு இதெல்லாம் என்று
குறிப்பேட்டின் ஓரத்தில் பென்சீன் வளையம் வரைந்துகொண்டிருந்தேன்.

அப்போது ஒரு தாள் வந்தது.
"உங்களுக்குத் தெரியாத ஒரு மொழி.
ஐந்து நிமிடம். பார்த்து எழுதுங்கள். பேசக்கூடாது."

தாளில் தமிழ்.

ஏதோ இருமல் மருந்துப் போத்தலோடு வந்த துண்டு:
நன்றாகக் குலுக்கவும்.
குழந்தைகள் கைக்கெட்டாத இடத்தில் வைக்கவும்.

சொல்லியிருக்கலாம். கையை உயர்த்தியிருந்தால் போதும்.
உயர்த்தவில்லை.
ஏனென்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது.

பக்கத்தில் பிரென்ட், முன்னாள் வெல்டர்,
நாக்கைக் கடித்துக்கொண்டு "ழ" வரைகிறான்,
கீழிருந்து மேலே.
அவனுக்கு அது வால் சுருட்டிய ஏதோ பிராணி.
எண்ணெய்க் குழாய்களை ஒட்டவைத்த கை
"லு"வின் வளைவில் நின்று நடுங்குகிறது.
எதிரே இருந்தவளுக்கு முதுகலைப் பட்டம் இரண்டு;
கழிப்பறைக்கென்று எழுந்துபோனவள்
திரும்பி வரவேயில்லை.

நானும் எழுதினேன்.
முதலில் வேகமாக, பிறகு பயந்து மெதுவாக,
பிறகு வேண்டுமென்றே கோணலாக.
தெரிந்ததை ஐந்து நிமிடம் ஒளிக்கவே
முதுகு இப்படி வியர்க்கிறதே,
தெரியாததை நாற்பது வருடம் ஒளிக்கிறவனுக்கு?

"தவமல, ஒரு வரி வாசிக்கிறீர்களா? ஊகித்தாவது?"

யோசிக்கவில்லை, வாயில் அதுவாகவே வந்தது:
"கண்ணாடியை மறந்திட்டன்."
தமிழில் வந்ததை மறுபடி ஆங்கிலத்தில் சொன்னேன்.
அறை சிரித்தது. நல்ல நடிப்பு என்றார் யாரோ.
டார்லீன் சிரிக்கவில்லை.
என் தாளைப் பார்த்தார்.
எழுத்து கோணல்தான்.
ஆனால் பேனை போன திசை ஒரு இடத்திலும் பிழைக்கவில்லை.
நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.
நம்பியதுபோல் இருந்தார்.

மாலையில் கருத்துப் படிவம்: எதை மாற்றலாம்?
வெறுமையாக விட்டேன்.
ஆனால் அந்தத் தாளின் கடைசி வரியில்
"மருநது" என்று இருந்தது.
ஒன்பது வருடமாக இதே தாளைத்தான் கொடுக்கிறாராம்.
தலையில் ஒன்றுமில்லாமல் ஒன்பது வருடம் நின்ற "ந"வுக்கு
ஒரு புள்ளி வைத்தேன்.
படிவத்தோடு மடித்துப் பெட்டியில் போட்டேன்.

செவ்வாய் இரவு ஏழு மணி, முதல் வகுப்பு.
லோர்ன், ஐம்பத்தெட்டு வயது, தானிய லாரி ஓட்டுகிறவர்.
கண்ணாடியின் ஒரு கால் சட்டைப்பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க
"மறந்துவிட்டேன்" என்றார்.
நானும்தான், என்றேன்.
நாற்காலியை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டேன்.
பரவாயில்லை, இன்றைக்கு எங்கிருந்து எங்கே ஓட்டினீர்கள்,
அதைச் சொல்லுங்கள்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.
கோதுமை, பனிப்புயல், வழியில் செத்துக்கிடந்த மான்.
அசினிபோயா என்ற ஊர் வந்ததும் தடுமாறி
ஒரே ஒரு எஸ் போட்டேன்.

லோர்ன் தாளை நெடுநேரம் பார்த்தார்.
பைக்குள் கைவிட்டுக் கண்ணாடியை எடுத்து மாட்டினார்.
"அங்கே ரோட்டோரப் பலகையில்,"
என்றார் மெல்ல,
"இரண்டு பாம்பு பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்."