ஏழாம் பிரிவுக்குத் திருத்தம்

சனசமூக நிலையத்து மின்விசிறி
பழைய விதிக்கொப்பியைத் தானே புரட்டுகிறது.
சாவிக்கொத்தை எடுத்து அதன்மேல் வைக்கிறார் நிஸ்தார்.
மூன்று பேர், ஒரு மடிகணினி,
உள்துறைமுக வீதியிலிருந்து பிசுபிசுத்த காற்று.
முந்நூற்று நாலுப் போட்டிக்கு இன்னும் பத்து நாள்.

சோடிக்குச் சாடை காட்டினால்
முன்பு எச்சரிக்கை; இனி இரண்டு தண்டப்புள்ளி.
காது சொறிவதும் சாடைதான் என்கிறார் சில்வெஸ்டர்,
காதைச் சொறிந்தபடி.
நுளம்பு கடித்தால்?
நுளம்புக்கு வேறு பிரிவு போடுவம்.
கைபேசி அடித்தால் ஐம்பது ரூபா.
வீட்டிலிருந்து வந்த அழைப்பென்றால்?
நூறு.

கவிழ்த்த துரும்பை எட்டிப் பார்ப்பவனுக்கு
இரக்கமில்லை, மாற்றமுமில்லை.

பிறகு ஏழாம் பிரிவு.
"இனம் கையில் இருக்க வெட்டியவர் ஆட்டத்தை இழப்பார்."
ஆறே சொற்கள்.
போன வருடம் அவற்றை உரக்க வாசித்தவள் நான்.

அரையிறுதி. இரவு பத்தேகால்.
சீனக்குடா மாவாலையின் அருட்செல்வம்
கலாவரை இறங்க, துரும்பால் வெட்டினான்.
மூன்று பிடி கழித்து
இஸ்கோப்பன் ராணியைப் போட்டபோது
அவள் முதுகிலிருந்து மெல்ல உரிந்து விழுந்தது
கலாவரை ஏழு.
எண்ணினால் ஒரு புள்ளியும் தேறாத ஏழு.

எதிர்ச்சோடி கை தூக்கியது.
ஒட்டிக்கிடந்தது மிஸ், என்றான்.
ஒட்டுவதைப் பற்றி விதியில் ஒன்றுமில்லை, என்றேன்.
வாதாடவில்லை.
மிச்சக் கடதாசிகளை ஓரம் தட்டி அடுக்கி வைத்தான்,
இரவு வேலைக்கு நேரமாகிறது என்று
சைக்கிளை எடுத்தான்.
கைதட்டினார்கள்; எனக்குத்தான்.
கண்டிப்பான மத்தியஸ்தர் என்று
பரிசளிப்பில் ஒருவர் சொன்னார்.

மண்டபம் காலியான பிறகு
கட்டை எண்ணினேன். முப்பத்திரண்டு.
ஏழு மட்டும் விரலை விடவில்லை.
மூக்கருகே கொண்டுபோனேன்:
சீனி. இஞ்சி.

அந்த மண்டபத்தில்
பிளேன்டீயில் இஞ்சி தட்டிப்போட்டுக் குடிப்பவள்
நான் ஒருத்தி.
மேசைக்கு மேசை நடந்து
எங்கே கிளாஸை வைத்தேன்,
எங்கே தளும்பியது,
அன்றைக்கு யார் பார்த்தார்கள்.

"தெரிந்தும் தெரியாமலும் என்று பிரிப்பம்," என்கிறேன் இப்போது.
"வேணுமென்று செய்தால் ஆட்டம் போகும்.
கடதாசி ஒட்டியிருந்தால், ஈரமென்றால்,
அந்தக் கையை மட்டும் திரும்பப் பிரித்துப் போடலாம்."
நல்ல யோசனை என்கிறார் நிஸ்தார்.
"மேசையில் தேத்தண்ணி கூடாது
என்றும் ஒன்று போடுங்கோ," என்கிறேன்.
"மத்தியஸ்தருக்குமா?"
"மத்தியஸ்தருக்குத்தான்."
இருவரும் சிரிக்கிறார்கள்.
நானும் கொஞ்சம் சிரித்து வைக்கிறேன்.

"அப்ப மத்தியஸ்தர் பிழை விட்டால் தண்டம் என்ன?"
சில்வெஸ்டர் விளையாட்டாகத்தான் கேட்டார்.
மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றியது.
நீதிமன்றத்தில் இருபத்தாறு வருடம் தட்டச்சு செய்தவள் நான்;
எத்தனையோ தீர்ப்புகள் என் விரல்வழி போயிருக்கின்றன,
ஒன்றுக்கும் என்னிடம் பதில் கேட்டதில்லை.

"அதை அடுத்த வருடம் பார்ப்பம்," என்கிறார் நிஸ்தார்.

வாசலில் ஒரு மான்.
பஸ் நிலையத்துப் பக்கமிருந்து வந்திருக்கும்.
கிழித்துப்போட்ட பழைய பக்கத்தை முகர்ந்து பார்த்து
ஏழாம் பிரிவின் ஓரத்தை மெல்லத் தொடங்கியது.
யாரும் துரத்தவில்லை.

"கடைசியாக ஒன்று," நிஸ்தார் கண்ணாடியைத் துடைக்கிறார்,
"பழைய வழக்கெல்லாம் கிளம்பி வரும் பாருங்கோ,
அதற்கும் ஒரு வரி வேணும்."
அவர் சொல்லச் சொல்ல அடித்தேன்:
இத்திருத்தங்கள்
முன்னைய ஆண்டுகளின் தீர்ப்புகளுக்குப் பொருந்தா.

திரும்ப வாசித்துப் பார்த்தேன்.
எழுத்துப்பிழை ஒன்றுமில்லை.