அணிக்கு ஓர் ஆணி

மேல்விஷாரம் தாண்டி மூன்றாவது ஷெட்.
தோல் அளக்கும் எந்திரம்
புதன்கிழமைகளில் பொய் சொல்கிறது என்றார்கள்.
புதன்கிழமைதான் லோடு வரும்.

ஆறு சதுர அடி ஆட்டுத்தோலுக்கு
ஒன்பதேகால் காட்டியது.
திரையில் பார்த்தேன்:
இந்தத் தோலின் உடம்பில்
முந்தைய தோலின் பின்னங்கால்.

கேமராவோடு வந்த நூலகம் சி-யில் எழுதியது.
விலாசம் ஒன்று கொடுத்தால் போதும்,
கதவைத் தட்டாது,
யார் இருக்கிறார்கள் என்று கேட்காது,
கொட்டிவிட்டு வந்துவிடும்.
என் நிரல் சி-ஷார்ப்.
அங்கே நினைவகத்தைப் பெருக்க ஓர் ஆள் உண்டு.
நல்லவர்தான்.
வேண்டாததைக் கூட்டித் தள்ளி
வேண்டியதை நெருக்கி அடுக்குவார்.
அடுக்கும்போது என் அணியும் இடம் மாறும்.
புது விலாசத்தை எனக்குச் சொல்லிவிடுவார்.
சி-க்குச் சொல்ல மாட்டார்.
அப்படியொருவன் இருப்பதே அவருக்குத் தெரியாது.

(போன வருஷம் தோட்டப்பாளையத்திலிருந்து
சத்துவாச்சாரிக்கு மாறினேன்.
என் சிலிண்டர் இரண்டு மாதம்
பழைய வீட்டில் சமைத்தது.)

அர்ரேவுக்குத் தமிழில் அணி.
கால் ஒன்று போட்டால் ஆணி.
அடித்தேன்.

முதலில் ஃபிக்ஸ்டு.
அடைப்புக்குறி மூடியதும் தானாகக் கழன்றுகொள்ளும் ஆணி.
கேமரா அதற்குப் பிறகும்
எழுதிக்கொண்டிருந்தது.
பிறகு ஹேண்டில்.
நானே அடித்து நானே பிடுங்க வேண்டியது.
புதன் மாலை வரை எல்லாத் தோலும்
சொந்தக் காலோடு வந்தன.

பக்கத்தில் டாகிள் பலகையில்
தனகோட்டி ஈரத்தோலை இழுத்து
விளிம்பெல்லாம் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தான்.
அவனைப் பார்த்துத்தான் புரிந்தது என்று எழுதலாம்.
பொய். எனக்கு முன்பே தெரியும்.
அவன் கேட்டது ஒன்றுதான்:
"மேடம், மிசினு எப்போ விடுவீங்க?
தோலு சுருங்குது."

சனிக்கிழமை எந்திரம் மூச்சு வாங்கியது.
உருளையில் தோல் சிக்கும்போதெல்லாம்
என் நிரல் பதறி,
அந்த அணியை அப்படியே விட்டுவிட்டு
இன்னொன்றை எடுத்திருக்கிறது.
ஆணி மட்டும் அங்கேயே.
நானூற்றுப் பன்னிரண்டு ஆணிகள்.
பெருக்க வந்தவர் ஒவ்வொன்றிலும் இடறி
இரண்டு ஆணிக்கு நடுவே கிடக்கும்
முழ இடத்தை வைத்துக்கொண்டு
என்ன செய்வதென்று நிற்கிறார்.
இடம் இருக்கிறது, சேர்ந்தாற்போல் இல்லை.

ஃபைனலி என்று ஒரு தொகுதி எழுதினேன்.
சிக்கினாலும் கிழிந்தாலும் கரண்ட் பிசகினாலும்
பிடுங்கிவிட்டுத்தான் போக வேண்டும்.
நான்கு வரி. மூன்று நாள் சம்பளம்.

ஷட்டர் இறக்கும்போது
தனகோட்டி காய்ந்த தோல்களைக் கழற்றிக்கொண்டிருந்தான்.
டக். டக். டக்.
சில கிளிப்புகள் வரவில்லை,
காலால் உதைத்தான்.

வீட்டுக்கு வந்தேன்.
சிலிண்டர் வந்திருந்தது,
எதிர்வீட்டு வாசலில்.