எண்பத்தெட்டு

வேனின் பின்கதவில் ரப்பர் பட்டை
நாக்குத் தள்ளித் தொங்குகிறது.
ஐம்பது கிலோமீட்டர் போனால்
தடுப்பூசிப் பெட்டியின் மேல்
ஒரு விரற்கடை பனித்தூள்.
போன வாரம் ஒஸகரோவ்கா தாண்டி
ஒரு கிடாரியிடம் எடுத்த ரத்தம்
குழலோடு உறைந்து வெடித்தது.
ஆய்வகத்தில் கேட்டார்கள்:
நீங்கள் வண்டியில் வந்தீர்களா, குதிரையிலா?

கரகண்டா சந்தை, மூன்றாம் கொட்டகை.
கடைக்காரி ஒரின்குல்
கையுறையைக் கழற்றாமலே எடுத்து வைத்தாள்.
"இது நொடிப்பசை.
விரலை உதட்டோடு ஒட்டும்.
ரப்பரையும் ஒட்டும்தான்,
குளிரில் கண்ணாடி போல் நொறுங்கும்.
இது சிலிக்கான். பார்க்க லட்சணம்.
அந்தப் புளிப்பு வாடை இருக்கிறதே,
அதுவே தகட்டைத் தின்னும்.
இருபக்க நாடா, அது கோடைக்காலச் சிநேகம்.
இது எண்பத்தெட்டு.
பழைய டப்பா, பழைய நாற்றம்."
எது நிற்கும் என்றேன்.
"விற்பது நான், ஓட்டுவது நீங்கள்."

நாலையும் வாங்கினேன்.
மாட்டு வைத்தியம் பார்ப்பவள் நான்.
வாய்ச்சொல்லை நம்பி ஊசி போட்டதில்லை.

மத்தி மீன் டின் மூடிகள் நாலு,
பட்டையிலிருந்து அறுத்த துண்டுகள் நாலு.
ஒட்டி, காயவைத்து,
இரண்டு இரவு பால்கனியில் கிடத்தினேன்.
இரண்டாம் இரவு மைனஸ் இருபத்தேழு.
காலையில் தேநீர் ஆறுவதற்குள் இழுத்துப் பார்த்தேன்.
நொடிப்பசை, டிக் என்றது, விட்டது.
நாடாவை இழுக்கவே வேண்டியிருக்கவில்லை,
துண்டு தனியாகத் தரையில் கிடந்தது.
சிலிக்கான் தோல் மாதிரி உரிந்து வந்தது,
ரப்பரில் ஒரு சுவடும் இல்லாமல்.
எண்பத்தெட்டை இழுத்தேன்.
மூடி வளைந்தது.
இன்னும் இழுத்தேன்.
கட்டைவிரலை மூடி அறுத்தது.

வால்டெமாரின் கராஜில் நிலக்கரி அடுப்பு உண்டு.
அவன் சூரியகாந்தி விதை கொறித்தபடி
டயர் மேல் உட்கார்ந்து
என் வேலையைப் பார்த்தான், உதவவில்லை.
அறுவைக்கத்தியால் கதவோரத்தைச் சுரண்டினேன்.
மஞ்சள் பசை, அதற்கடியில் கறுப்பு,
அதற்கும் அடியில் தார் போல ஏதோ.
எனக்கு முன்னால் எத்தனை பேர்
இந்தக் கதவோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்!
துருவைத் தேய்த்தேன்.
ரப்பரின் வழவழப்பையும்
உப்புத்தாளால் கெடுத்தேன்.
பெட்ரோல் துணியால் இரண்டையும் துடைத்தேன்.

தகட்டில் ஒரு பூச்சு, ரப்பரில் ஒரு பூச்சு.
பிறகு ஒட்டக்கூடாது.
அதுதான் கஷ்டம்.
இரண்டும் தனித்தனியே
பதினைந்து நிமிடம் காய வேண்டும்.
ஈரம் இருந்தால் ஒட்டும் என்று
மனிதர்களைப் பற்றிச் சொல்வோம்.
இங்கே ஈரம் போனால்தான் ஒட்டும்.

ஏழாவது நிமிடம் போன் அடித்தது, யெர்டென்.
பத்து விரலும் பசை.
மூக்கு நுனியால் அழுத்தினேன்.
"உன் வீட்டில் கிடக்கும் என் சறுக்குக்கட்டைகளை எடுக்க
இப்போது வரட்டுமா?"
"இப்போது முடியாது, காய்ந்துகொண்டிருக்கிறது."
"எது?"
"எண்பத்தெட்டு."
"எவ்வளவு நேரம் ஆகும்?"
"தொட்டால் விரலோடு வராத வரைக்கும்."
அவன் சற்று நேரம் பேசவில்லை.
"நேராகவே வராதே என்று சொல்லலாம்" என்று
வைத்துவிட்டான்.
வால்டெமார் விதைத்தோலைத் துப்பிவிட்டுச் சிரித்தான்.
திரும்ப அழைத்து விளக்கியிருப்பேன்,
மணி பதினைந்து ஆகிவிட்டது.

மேல் மூலையில் தொடங்கி
விரலுக்கு விரல் அழுத்தி வந்தேன்.
போன வருஷம் இழுத்து ஒட்டினேன்,
சுருங்கி மூலையில் வாய் பிளந்தது.
இந்த முறை இழுக்கவில்லை, தளர்த்தியே வைத்தேன்.
பட்ட இடம் பட்டதுதான்,
நகர்த்த முடியாது.
கீழ் இடது வளைவில் ஒரு நூலளவு கோணல்.
எனக்குத் தெரியும். கதவுக்கும் தெரியும்.

ஒரு நாள் முழுக்க கராஜிலேயே விட்டேன்.
மறுநாள் புல்வெளிச் சாலை, எதிர்க்காற்று.
பெட்டி மேல் பனித்தூள் இல்லை.
நாலு வருஷமாக என்னோடு வந்த
விசில் சத்தமும் இல்லை.
அப்போதுதான் கேட்டது,
பின் அச்சிலிருந்து
ஈனப்போகும் பசு மாதிரி ஒரு முனகல்.
எத்தனை நாளாக முனகுகிறதோ.
வேகத்தைக் குறைத்தேன், முனகலும் குறைந்தது.
கூட்டினேன், கூடியது.