நூற்று இருபது கட்டம்

முதலில் வரைந்த வயல்வெளி
குறுக்கே நூற்று இருபது கட்டம், நெடுக்கே தொண்ணூறு.
பெரிதாக இருந்தால் அது உலகம் என்று நினைத்தேன்.
புல்லை நகலெடுத்து நகலெடுத்து
விரல் நுனியில் பச்சை ஏறிய மாதிரி இருந்தது.

கோகிலவாணிக்கு அனுப்பினேன்.
மூன்று மாதம் நான் கட்டியதைப்
பதினொரு நிமிடத்தில் கடந்துவிட்டு எழுதினாள்:
"கால் வலிக்குது. உன் வீரனுக்கு ஒரு மோட்டார் வாங்கிக் கொடு."

மோட்டார் என்னிடம்தான் இருக்கிறது.
பகலெல்லாம் ஜெலுத்தோங்கிலிருந்து கர்னி வரை
அடுத்தவர் சோற்றைச் சுமந்து ஓடுகிறேன்.
தூரம் எனக்குக் கிலோமீட்டர் இல்லை.
ஒரு சிவப்பு விளக்கு, இரண்டு சிவப்பு விளக்கு,
லிஃப்ட் பழுதான பதினாலாம் மாடி,
சூப் ஆறுவதற்குள், சூப் ஆறிய பின்.
செயலியின் நீலக்கோடு நான்கு நிமிடம் என்று சொல்லும்.
அந்தக் கோட்டைப் போட்டவன்
ஆயர் ஈத்தாம் சந்தை முன்னால்
காலையில் வண்டி ஓட்டியதில்லை.

இரவு பன்னிரண்டுக்கு மேல் அறையில்
மின்விசிறியும் நானும் அந்த உலகமும்.
முதல் பாகத்தைச் செய்தவர்கள் கடையை மூடிவிட்டார்கள்.
கடைசிக் காட்சியில் கப்பல் கிளம்பும், "தொடரும்" என்று வரும்.
பதினாறு வருடமாகத் தொடரவில்லை.
யாராவது அந்தக் கப்பலைக் கரை சேர்க்க வேண்டாமா?
காசு வராது. வழக்கு வராமல் இருந்தால் போதும்.

கட்டங்களுக்குப் படம் வரைகிற பூன் சியாங்
பகலில் கொம்தார் கீழே கைப்பேசித் திரை மாற்றுகிறவன்.
ஒரு கட்டம் எத்தனை அடி என்று கேட்டான்.
ஐந்தடிப் பாதையை நினைத்து, ஐந்து என்றேன்.
அப்படியென்றால் பூனையும் ஐந்தடி, கதவும் ஐந்தடி,
தூரத்து மலையும் ஐந்தடி என்று சிரித்தான்.
சிரித்துவிட்டு மூன்றையும் வரைந்து அனுப்பினான்.
மூன்றும் சரியாகத்தான் இருந்தன.

வெட்டினேன். தொண்ணூறு. அறுபது.
"இன்னும் நீளம்."
முப்பத்தாறு.
இப்போது கோட்டை வாசலில் நின்று தும்மினால்
அரக்கன் குகையிலிருந்து "நூறாயுசு" என்று குரல் வரும்.
மூச்சு வாங்குமுன் அடுத்த சண்டை.
மருந்துக்கடைக்காரி சொன்ன சாவுச் செய்தி
அவள் படி இறங்குமுன் மறந்துபோனது.
"இப்ப பொம்மைக் கடை மாதிரி ஆச்சு லா," என்றாள்.

பள்ளியில் மனப்பாடம் செய்தது:
பாலைக்கென்று தனி நிலம் கிடையாது.
மூன்று மதிப்பெண் கேள்வி. அப்போது புரியவில்லை.
இப்போதும் பாதிதான்.

அகலத்தை விட்டுவிட்டு வளைவு போட்டேன்.
எட்டடிக்கு ஒரு திருப்பம்,
திருப்பத்தில் ஒரு கிணறு, அல்லது பூட்டிய கதவு.
தொடக்கத்திலேயே தண்ணீருக்கு அப்பால்
கலங்கரை விளக்கத்தைக் காட்டினேன்.
போய்ச் சேர ஐந்து மணி நேரம்.
நடுவில் எந்த ஜன்னலிலிருந்து பார்த்தாலும் அது நிற்கும்,
ஒவ்வொரு முறையும் இரண்டு கட்டம் வளர்ந்து.

ஆனால் பாலம்.

இருநூற்று நாற்பது கட்டம், ஒரே கோடு.
அரக்கன் இல்லை, பெட்டி இல்லை, பேச ஆளில்லை.
இசையையும் நிறுத்திவிட்டேன், காற்று மட்டும்.
ஞாயிறு இரவு பிறையிலிருந்து தீவுக்குத் திரும்புகையில்
இடது ஓரத்தில், லாரிகள் உலுக்கிவிட்டுப் போக,
யாருக்கும் எதையும் நான் கொண்டுபோகாத
பத்து நிமிடம் அது.
அதை எப்படி வெட்டுவது?

அவள் ஆடியதைப் பதிவுசெய்து அனுப்பினாள்.
பாலத்தின் நடுவில், நூற்றுப் பதினெட்டாம் கட்டத்தில்
வீரன் நின்றான்.
நான்கு நிமிடம் கடலைப் பார்த்து நின்றான்.
நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.
பிடித்துவிட்டாள் என்று நினைத்தேன்.
மறுநாள் சோறு சுமக்கப் போகவேண்டாம் என்றுகூட
ஒரு கணம்.

கேட்டேன்.
"மழை. துணி எடுக்கப் போனேன்," என்றாள்.

அன்றிரவு பாலத்தில் மழை சேர்த்தேன்.
நீளத்தைத் தொடவில்லை.